சிங்கப்பூர் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி: அங்கே படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#1 பீட்டிசாலை அம்மா

வணக்கம். என் மகள் இந்த ஆண்டு உயர்நிலை 1. அவள் பள்ளியில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர்தான். அதனால் அங்கே தமிழ் வகுப்பு இல்லை. பள்ளி முடிந்ததும் ரயில் ஏறி ஃபேரர் பார்க்கில் இறங்கி, பீட்டி சாலையில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கிறாள்.

போன வாரம் நான் அழைத்து வரப் போயிருந்தேன். வாசலில் பெயர்ப் பலகையைக் காட்டி, "அம்மா, உமறுப்புலவர்தான் இந்த இடத்தைக் கட்டினாரா?" என்று கேட்டாள். இல்லை, அவர் பழைய காலத்துக் கவிஞர் என்றேன். "அப்போ ஏன் அவர் பேரு?" என்றாள். ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அதன் பேர் என்றேன். "அந்தப் பள்ளிக்கூடம் எங்கே?" அதற்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வெட்கமாக இருந்தது, ஏனென்றால் என் பெரியப்பா அங்கே படித்தவர். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பிஸ்கட் டின் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அன்றிரவு அதைத் திறந்து பார்த்தோம். பழைய அடையாள அட்டை, பெரியம்மாவின் திருமணப் பத்திரிகை, அப்புறம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மூன்று வரிசையாக வெள்ளைச் சட்டைப் பையன்கள். பின்னால் ஒரு பலகையில் பாதி எழுத்து மட்டும் தெரிகிறது: "...புலவர் தமிழ் உயர்நிலை...". படத்தின் பின்பக்கம் மையில் 1964 என்று எழுதியிருக்கிறது.

பெரியப்பா பள்ளியைப் பற்றிப் பேசியதே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. அங்கே படித்தவர்கள், அல்லது வீட்டில் யாராவது படித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எந்த இடம், யார் நடத்தினார்கள், ஏன் மூடினார்கள், உள்ளே பிள்ளைகள் எப்படி இருந்தார்கள், எல்லாவற்றையும் மகளுக்குச் சொல்ல வேண்டும்.

#2 கோப்பிக்கடை மேசை

அக்கா, மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தின் முகவரி என்ன தெரியுமா? 1, கடையநல்லூர் ஸ்திரீட். அங்கே சிக்கன் ரைஸுக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பலகையைப் படித்திருப்பார்கள் என்று தெரியாது. உங்கள் கேள்விக்குப் பதில் அந்தத் தெருப் பெயரில் தொடங்குகிறது. கடையநல்லூர்க்காரர்கள் யாராவது வந்து எழுதுங்கள்.

#3 தஞ்சோங்பகார் பேரன்

கூப்பிட்டதால் வந்தேன். என் தாத்தா கடையநல்லூர். தென்காசிக்குப் பக்கத்தில், நெசவுக்குப் பெயர்போன ஊர். தறியில் வருமானம் குறைந்தபோது நிறையப் பேர் கப்பலேறி இங்கே வந்தார்கள். அந்தக் காலத்தில் மற்ற ஊர்களிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் மட்டும் வந்து, சம்பாதித்து, ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். எங்கள் ஊர்க்காரர்களோ மனைவி மக்களோடு குடும்பமாக வந்தார்கள். அதுதான் பள்ளிக்கூடத்துக்கு வேர். குடும்பம் இருந்தால் பிள்ளைகள் இருக்கும். பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வேண்டும்.

பெரும்பாலானவர்கள் குடியிருந்தது தஞ்சோங் பகார் பக்கம். ஆண்களுக்குத் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை. பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். எங்கள் பாட்டியும் அரைத்தவர்தான். விடியுமுன் அம்மியில் உட்கார்ந்தால் மிளகாய், மல்லி, மஞ்சள் என்று தனித்தனியாக அரைத்து உருட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். மலாய்க்காரர் வீட்டுக்கு ஒரு பக்குவம், சீனர் வீட்டுக்கு ஒரு பக்குவம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் அரைப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் வலது உள்ளங்கை மட்டும் கல் மாதிரி இருக்கும். அந்தக் கையால் கன்னத்தைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும்.

சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் வந்துவிட்டார்கள். 1945-இல் போர் முடிந்தது. 1946-இல் சங்கத்தார் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். அரிசிக்கே திண்டாடிய காலம் அது. அப்போது பள்ளிக்கூடத்துக்குக் காசு திரட்டியிருக்கிறார்கள் என்றால் அதில் மசாலா விற்ற காசும் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

முதலில் அது தொடக்கப்பள்ளிதான். 1960-இல் உயர்நிலை வகுப்புகள் வந்தன. அதன்பிறகு சிங்கப்பூரில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப்பள்ளி அதுதான். மேக்ஸ்வெல் சாலையில் இருந்த அந்தப் பள்ளியை 1982-இல் மூடினார்கள். பெயரைத் தமிழ்மொழி நிலையத்துக்கு வைத்தார்கள். அதனால்தான் உங்கள் மகள் அந்தப் பலகையைப் பார்க்கிறாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முஸ்லிம் சங்கம் தொடங்கியது என்பதால் முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளி என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. தமிழ்வழித் தொடக்கப்பள்ளி முடித்த எந்தப் பிள்ளைக்கும் அடுத்த படி அங்கேதான் இருந்தது.

#4 உயர்நிலை நான்கு 1964

என் பேரன் இந்த இழையைக் கைபேசியில் காட்டினான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் அங்கே 1961 முதல் 1964 வரை படித்தவன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தகப்பனார் ஹார்பர் போர்டில் கூலி வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் ஆறு பேர். தமிழ்த் தொடக்கப்பள்ளி முடித்ததும், எனக்கு முன்னால் படித்த அண்ணனுக்குப் போக இடமில்லை. அவர் ஆறாம் வகுப்போடு துறைமுகத்துக்குப் போய்விட்டார். எனக்கு இடம் இருந்தது. எங்களுக்குள் மூன்று வயதுதான் வித்தியாசம். அந்த மூன்று வயதுக்குள் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அவர் மூட்டை தூக்கினார், நான் படித்தேன். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் அந்தப் பள்ளியை நினைத்ததில்லை.

உள்ளே எப்படி இருந்தோம் என்று கேட்டீர்கள். எல்லாம் தமிழ்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். தமிழ்ப் பாடம் மட்டுமல்ல, வரலாறும் புவியியலும் அறிவியலும் கணக்கும் தமிழில். திட்டுவதும் தமிழில். ஆங்கிலம் எங்களுக்கு இரண்டாம் மொழி. காலையில் தேசிய கீதம் மலாய் மொழியில் பாடுவோம். பாடிவிட்டு வகுப்புக்குள் போனால் முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை தமிழில் நிரூபிக்கப்படும். வெளியே வந்தால் தெருவில் ஹொக்கியன், சந்தையில் பாசார் மலாய். நாலு மொழி நாட்டில் நாலு மொழியும் எங்கள் காதில் விழுந்தன, ஆனால் யோசித்தது தமிழில்.

கணக்கு எனக்கு நன்றாக வரும். வடிவியல் பெட்டி வாங்கக் காசு இல்லை. பக்கத்துப் பையனிடம் ஒரு பெட்டி இருந்தது. கவராயத்தின் திருகு தளர்ந்துவிட்டது என்று அதில் நூல் சுற்றி வைத்திருப்பான். அவன் வட்டம் போட்டதும் என்னிடம் தருவான். நான் போட்டதும் பின் வரிசைக்குப் போகும். ஒரு கவராயத்தில் ஏழெட்டு நோட்டில் வட்டம்.

1964 மறக்க முடியாத வருடம். நாங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். ஜூலையில் கலவரம், ஊரடங்கு. செப்டம்பரில் திரும்பவும். குவார்ட்டர்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. ராத்திரி விளக்கைக் குறைத்துவைத்துப் படித்தோம். பக்கத்து வீட்டு மலாய் அம்மா எங்களுக்குச் சோறு கொடுத்தார். எதிர் வீட்டுச் சீனத் தாத்தா எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் எங்கள் வரிசையில் கதவு சாத்தவில்லை.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனேன். ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். மேலாளர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குழாயைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். "சர்கம்ஃபெரன்ஸ்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தலைகுனிந்து நின்றேன். பக்கத்தில் இருந்த சீன ஃபோர்மன் சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டு, அதன் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அட, பரிதி! தரையிலேயே கணக்குப் போட்டேன். விடை சரி. வேலை கிடைத்தது, தினக்கூலிக்கு. என்னுடன் படித்த மற்றவர்களுக்கு அப்படி ஒரு ஃபோர்மன் கிடைக்கவில்லை.

#5 பீட்டிசாலை அம்மா

ஐயா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பரிதி என்ற சொல் அவளுக்குத் தெரியாது, சர்கம்ஃபெரன்ஸ்தான் தெரியும். இரண்டையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

என் பெரியப்பாவின் படத்தின் பின்னாலும் 1964 என்றுதான் இருக்கிறது. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அண்ணன் சொல்கிறார். உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன்.

#6 கணக்கு இல்லாத வாத்தியார்

நான் அந்தப் பள்ளியில் வேலை பார்க்கவில்லை. வேறு பள்ளிகளில் 30 ஆண்டுக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஏன் மூடினார்கள் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இதை ஒரே காரணத்தில் அடக்குவது நியாயம் இல்லை.

1956-இல் சட்டமன்ற அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை வந்தது. நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்றது. 1960-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முதன்முதலாக நடந்தபோது நான்கு மொழிகளிலும் எழுதலாம். அதே ஆண்டில்தான் உமறுப்புலவர் பள்ளியில் உயர்நிலை வந்தது. அதாவது கதவு திறந்த நேரம் நல்ல நேரம். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழவேள் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு வீட்டுக்கு வீடு தமிழ்க் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஆசைக்குக் குறைவில்லை.

குறை எங்கே என்றால் மேலே. உயர்நிலை நான்கு முடித்த பிள்ளை அடுத்து எங்கே போவான்? தமிழ்வழியில் அதற்குமேல் படி இல்லை. வேலைக்குப் போனால் 1964 ஐயா சொன்ன குழாய்தான். பெற்றோர் இதைப் பார்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் வந்தன, ஜூரோங் தொழிற்பேட்டை வந்தது, எல்லாம் ஆங்கிலத்தில் வேலை. அவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள்.

இன்னும் இரண்டு காரணங்கள் பலரும் மறப்பவை. பிரிட்டிஷ் படை வெளியேறுவதாக 1968-இல் அறிவித்து 1971 முடிவில் போய்விட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த இந்தியத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய ஊர் திரும்பின. தமிழ்ப் பள்ளிகளுக்கு வரவேண்டிய பிள்ளைகள் கப்பலில் போய்விட்டார்கள். இன்னொன்று, பழைய குடியிருப்புகளை இடித்து மக்களை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றியது. தஞ்சோங் பகாரில் பள்ளிக்கு நடந்து வந்த பிள்ளை இப்போது குவீன்ஸ்டவுனிலோ தோ பாயோவிலோ இருக்கிறான். புளோக்குக்குக் கீழேயே ஆங்கிலப் பள்ளி இருக்கும்போது எந்த அம்மா ஏழு வயதுப் பிள்ளையை இரண்டு பஸ் மாற்றித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவாள்? தொடக்கப்பள்ளியில் பிள்ளை இல்லையென்றால் உயர்நிலைக்கு எங்கிருந்து வரும்?

ஆக 1982-இல் பூட்டுப் போட்டபோது பள்ளி ஏற்கெனவே காலியாகிக்கொண்டிருந்தது. யார்மேலும் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

#7 செம்பவாங் வடக்கு

எனக்குக் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 1979-இல் சீனப் பள்ளிகளில் ஒன்பதைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பு உதவித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்களே. அந்தப் பள்ளிகளின் பெயர், பாரம்பரியம், பழைய மாணவர் சங்கம் எல்லாம் இன்றைக்கும் இருக்கிறது. நமக்கு இருந்தது ஒன்றே ஒன்று. ஒன்பதில் ஒன்று அல்ல, ஒன்றில் ஒன்று. அதை ஒரு சிறிய பள்ளியாகவாவது, ஆங்கிலத்தில் பாடம் நடத்தித் தமிழை முதல்மொழி நிலையில் சொல்லிக்கொடுக்கும் பள்ளியாகவாவது வைத்திருக்கலாம். பிள்ளைகள் தானாக வந்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டடமும் பெயரும் ஆசிரியர்களும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் பின்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே சேர்த்திருக்கும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1982 நினைவுக்கு வருகிறது.

#8 கணக்கு இல்லாத வாத்தியார்

தம்பி, உங்கள் கோபம் நல்ல கோபம். நானும் அதை வெகுநாள் சுமந்தவன்.

ஆனால் அந்த ஒன்பது பள்ளிகளையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அங்கேயும் சீனவழிக் கல்வி நிற்கவில்லை. கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. சீனம் உயர்ந்த நிலையில் ஒரு பாடமாக நின்றது. சீனவழியில் நடந்த நன்யாங் பல்கலைக்கழகமே 1980-இல் இன்னொரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1987-இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல்மொழியாகக் கொண்டவை ஆயின. தமிழைப் படிப்பது இன்றும் இருக்கிறது. தமிழில் படிப்பதுதான் போனது. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அதேதான் போனது. அவர்களுக்கு எண்ணிக்கை இருந்ததால் பெயர் மிஞ்சியது.

சிறிய பள்ளியாக வைத்திருக்கலாம் என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வைத்திருக்கலாம்.

#9 உயர்நிலை நான்கு 1964

நீங்கள் இருவரும் பேசுவதைப் படித்தேன். நான் என் பங்கைச் சொல்ல வேண்டும்.

1976-இல் என் மூத்த மகனுக்கு ஏழு வயது. நான் படித்த பள்ளி இன்னும் இருந்தது. நான் என் மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தேன். என் கையால் சேர்க்கைப் பாரத்தில் எழுதினேன். என் மனைவி கேட்டார், உங்கள் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள் என்று. நான் அந்தக் குழாயை நினைத்துக்கொண்டேன். தரையில் வட்டம் போட்டுக் காட்ட ஒருவர் என் மகனுக்கு இருப்பார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மகன் பொறியாளர் ஆனான். தமிழ் பேசுவான், படிக்கத் தடுமாறுவான். நான் செய்தது தவறு என்று இன்று வரை என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. 1982-இல் மூடியபோது நான் அந்தப் பக்கம் போகவில்லை. போக மனம் வரவில்லை.

செம்பவாங் தம்பி, கோபப்படுங்கள். ஆனால் அதில் எங்களையும் சேர்த்துக் கோபப்படுங்கள்.

#10 செம்பவாங் வடக்கு

ஐயா, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பாவும் அதே பாரத்தைத்தான் எழுதினார்.

#11 எட்டயபுரம் மருமகள்

பெயரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பாப்பா முதலில் கேட்டது அதைத்தானே.

உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டுக்காரர். எட்டயபுரம் அரசவைப் புலவர். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்தவர். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சீறாப்புராணம் என்று காப்பியமாகப் பாடினார். ஐயாயிரத்துக்கு மேல் விருத்தங்கள், மூன்று காண்டங்கள். அவரை ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று வீட்டில் சொல்வோமே, அவரேதான்.

அந்தக் காப்பியத்தில் அரபு நாடு தமிழ்நாடு மாதிரி இருக்கும். பாலைவன ஊரில் மருதநிலத்து வயலும் ஆறும் வரும். கம்பன் கோசலத்தைப் பாடிய முறையில் இவர் மக்காவைப் பாடியிருக்கிறார். நம்பிக்கை அரபு நாட்டிலிருந்து வந்தது, அதைச் சொல்லும் நாக்கு தமிழ் நாக்கு. தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்துப் பிழைத்த தமிழ் முஸ்லிம்கள் தங்கள் பள்ளிக்கு வேறு எந்தப் பெயரை வைப்பார்கள்?

உமறுப்புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. பாரதி பிறந்த ஊரும் அதுதான். என் மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு இடத்துக்கும் போய்விட்டு வருவேன்.

#12 மாலை வகுப்பு

அக்கா, நான் 2008 முதல் 2011 வரை பீட்டி சாலை நிலையத்தில் படித்தேன். பழைய பள்ளியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் எல்லாரிடமிருந்தும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் உங்கள் மகள் போகும் இடத்தைப் பற்றி என்னால் சொல்ல முடியும்.

என் பள்ளியில் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் இந்தியப் பெண். தாய்மொழி நேரம் வந்ததும் எல்லாரும் சீன வகுப்புக்கு எழுந்து போவார்கள், நான் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை, ஆனால் நாற்பது நாற்காலியும் ஒரே நேரத்தில் நகரும் சத்தத்துக்குப் பிறகு வரும் அமைதி எனக்குப் பிடிக்காது. எங்கள் பள்ளி மாலை வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. இணைப்பாட நடவடிக்கையிலிருந்து பாதியில் ஓடுவேன். வாரத்துக்கு வாரம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

முதல் நாள் நிலையத்துக்குப் போனபோது வாசலில் நின்றுவிட்டேன். பச்சை, நீலம், வெள்ளை, பழுப்பு என்று ஒவ்வொருவர் சீருடையும் ஒவ்வொரு நிறம். பெரிய பேர் வாங்கிய பள்ளிகள், நான் கேள்விப்படாத பள்ளிகள். எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள். என் வாழ்க்கையில் அத்தனை தமிழ்ப் பிள்ளைகளை ஒரே இடத்தில், கோயில் திருவிழா தவிர, நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வாரத்தில் எனக்கு மூன்று தோழிகள். ஒருத்தி ஈசூன், ஒருத்தி பிடோக், ஒருத்தி ஜூரோங் வெஸ்ட். தீவின் மூன்று மூலை. வகுப்புக்கு முன்னால் கிடைக்கும் பத்து நிமிடத்தில் எல்லாக் கதையும் பேசிவிடுவோம். வகுப்பில் ஆசிரியர் செந்தமிழில் கேட்பார், நாங்கள் தடுமாறிப் பதில் சொல்வோம். வெளியே வந்தால் "ஏய், அவ என்னா சொன்னா தெரியுமா லா" என்று கொட்டும். எனக்குத் தமிழ் வந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான். வீட்டில் அப்பா அம்மா தமிழில் கேட்பார்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். அங்கே மட்டும்தான் நானாக, யாரும் சொல்லாமல், தமிழில் வாயைத் திறந்தேன்.

தைப்பூசம் நெருங்கினால் பாடத்தில் மனசு நிற்காது. பெருமாள் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கூடாரம் போடும் சத்தம் கேட்கும். ஒரு தடவை ஆசிரியர் கட்டுரைத் தலைப்பை மாற்றி, சன்னல் பக்கம் போய்க் காதில் விழுவதை எழுதச் சொன்னார். பிடோக் தோழி "கம்பி கம்பியில் மோதும் சத்தம் கோயில் மணிக்கு அவசரம் காட்டுகிறது" என்று எழுதினாள். ஆசிரியர் அதைப் பலகையில் எழுதிப் போட்டார். எங்கள் வயசுப் பெண் ஒருத்தி எழுதிய தமிழ் வரியைப் பலகையில் பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை.

அவள் இப்போது தமிழாசிரியர். நாங்கள் நால்வரும் இன்றைக்கும் தமிழில்தான் செய்தி அனுப்பிக்கொள்கிறோம். உங்கள் மகள் களைத்துப்போய் வருவாள், பசியோடு வருவாள். ரயிலில் சாப்பிட முடியாது, அதனால் பையில் ஏதாவது வைத்து அனுப்புங்கள், நிலையத்துக்குப் போனதும் சாப்பிடட்டும். தோழிக்கும் சேர்த்து வைத்து அனுப்புங்கள்.

#13 கணக்கு இல்லாத வாத்தியார்

மகளே, உன் ஆசிரியர் செய்ததைப் படித்து எனக்கு மனம் நிறைந்தது. அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் ஆசிரியர் அறையில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்தபோது பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கச் சொன்னார்கள். எங்களில் மூத்தவர்கள் சிலர் ஏற்கவில்லை, எழுத்துத்தமிழ் கெட்டுவிடும் என்றார்கள். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் இருந்தேன். மாற்றியது பிள்ளைகள். பேசவிட்டால்தான் எழுத வருகிறார்கள்.

#14 பீட்டிசாலை அம்மா

ஞாயிற்றுக்கிழமை மகளை மேக்ஸ்வெல்லுக்கு அழைத்துக்கொண்டு போனேன். கடையநல்லூர் ஸ்திரீட் பலகையின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டாள். தெருவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டித் தமிழில் சொன்னாள். சாப்பிடும்போது, இங்கே எங்கே அம்மி வைத்து அரைத்திருப்பார்கள் என்று கேட்டாள். சுற்றிலும் உயரக் கட்டடங்கள். காட்ட ஒன்றும் இல்லை. தஞ்சோங்பகார் பேரன் எழுதிய பாட்டியின் கையைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

படத்தின் பின்பக்கத்தை அன்று சரியாகப் பார்க்கவில்லை. இப்போது வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். 1964-க்குக் கீழே பெரியப்பாவின் கையெழுத்தில் வரிசை வரிசையாகப் பெயர்கள். மகள் ஒவ்வொன்றாகப் படித்து நோட்டில் எழுதினாள். ஒரு மணிநேரம் ஆனது. இரண்டு பெயர் மை கரைந்து தெரியவில்லை. கடைசியில் தனியாக ஒரு வரி: "வராதவர்" என்று போட்டு ஒரே ஒரு பெயர்.

1964 ஐயா, தனிமடலில் நீங்கள் அனுப்பிய உங்கள் பெயர் அதுதான்.

#15 உயர்நிலை நான்கு 1964

அம்மா, இதை இரண்டு முறை படித்தேன், பிறகு பேரனைப் படிக்கச் சொன்னேன்.

அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. அண்ணனுக்குத் துறைமுகத்தில் காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார், அவரோடு இருந்தேன். படம் எடுத்துவிட்டார்கள் என்று மறுநாள்தான் தெரியும். பிரதி வாங்கக் காசும் இல்லை, படத்தில் இல்லாதவன் எதற்கு வாங்க வேண்டும் என்றும் இருந்துவிட்டேன். அறுபது வருடமாக அந்த முகங்களை நான் பார்க்கவில்லை. சிலர் பெயர் நினைவிருக்கிறது, முகம் போய்விட்டது.

உங்கள் பெரியப்பா பெயரைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன். கவராயத்தில் நூல் சுற்றி வைத்திருந்த பையன் அவர்தான்.

#16 பீட்டிசாலை அம்மா

ஐயா, டின்னில் அந்தக் கவராயம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். படம் இருக்கிறது. எங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள். பெரிதாக்கிப் பிரதி எடுத்துக் கொண்டுவருகிறேன்.

#17 உயர்நிலை நான்கு 1964

சனிக்கிழமை காலை பத்து மணி, மேக்ஸ்வெல், சாலையை ஒட்டிய மேசை. பேரன் என்னைக் கூட்டி வருவான். உங்கள் மகளையும் அழைத்து வாருங்கள், கரைந்துபோன அந்த இரண்டு பெயரையும் நான் சொல்கிறேன், அவள் எழுதிக்கொள்ளட்டும். பிரதி பிறகு எடுத்துக்கொள்ளலாம். அசலைக் கொண்டு வாருங்கள் அம்மா, ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.